அறந்தாங்கி அருகே மண்ணுக்குள் தாழிகள்: பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அறந்தாங்கி வந்து இறங்கும் பலருக்கும் மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்துவிடும். "இந்தப் பக்கம் சுத்திப் பார்க்க என்னதான் இருக்கு?" ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருமயம் கோட்டை, மணமேல்குடி கடற்கரை என்று வீட்டில் ஒரு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் அநேகமாக இடம்பெறாத பெயர் ஒன்று உண்டு. அதுதான் அம்பலத்திடல்.

அறந்தாங்கி வட்டாரத்தில், மங்களநாடு பக்கம், வில்லுன்னி ஆற்றை ஒட்டி இருக்கும் இடம் அது. அங்கே மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள் புதைந்திருப்பதையும், மேலே கருப்பு - சிவப்புப் பானை ஓடுகள் சிதறிக் கிடப்பதையும் புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகத்தினர் கள ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். கீழடிக்குப் பிறகு இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டு, "ஒரு எட்டு பார்த்துட்டு வரலாமா?" என்று பைக்கை எடுக்கும் இளைஞர்கள் அதிகமாகியிருக்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால், அங்கே எதைப் பார்ப்பது, எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் போனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, "அட, வெறும் பொட்டல்தானே" என்று ஏமாந்து திரும்புவோம். இரண்டு, திரும்பும்போது பாக்கெட்டில் ஒரு பானை ஓடு இருக்கும். முதலாவதில் நஷ்டம் நமக்கு. இரண்டாவதில் நஷ்டம் அந்த இடத்துக்கு, அதுவும் திருப்பிச் சரிசெய்ய முடியாத நஷ்டம்.

'பெருங்கற்காலம்' என்றால் என்ன?

இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பெரிய பெரிய கற்களைக் கொண்டு நினைவுச் சின்னம் அமைத்த பண்பாட்டைத்தான் 'பெருங்கற்காலப் பண்பாடு' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் இரும்புக்காலத்தோடு சேர்ந்தே வருகிறது. கல்லைத் தேடிப் போய் நட்டவர்களின் கையில் இரும்புக் கத்தியும் கோடரியும் இருந்தன.

இதில் பல வகை உண்டு. தரையில் வட்டமாகக் கற்களை அடுக்கியிருந்தால் அது கல்வட்டம். பலகைக் கற்களை நாலு பக்கமும் நட்டு, மேலே ஒரு மூடுகல் போட்டு, தரைக்கு மேலேயே அறை மாதிரி கட்டியிருந்தால் கல்திட்டை. அதே அறை மண்ணுக்குள் இருந்தால் கல்பதுக்கை. சில கல்லறைகளில் ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்கள். அதற்கு 'இடுதுளை' என்று பெயர். ஒற்றைக் கல்லை உயரமாக நட்டிருந்தால் நெடுங்கல் அல்லது குத்துக்கல். பெரிய பானைக்குள் எலும்புகளையும் படையல் பொருட்களையும் வைத்துப் புதைத்திருந்தால் ஈமத்தாழி, அதாவது நாம் முதுமக்கள் தாழி என்று சொல்வது.

இது வரலாற்றுக்கு முந்தைய காலமா என்றால், பெரும்பகுதி ஆமாம். எழுத்து வருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட வழக்கம் இது. ஆனால், தமிழி எழுத்து வந்த பிறகும் இந்த வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. சங்கப் பாடல்கள் உருவான காலத்திலும் தாழி இருந்தது. புறநானூற்றில் பானை செய்யும் வேட்கோவரை அழைத்துத் தாழியைப் பற்றிப் பேசும் பாடல்களே உண்டு. இறந்தவர்களுக்கு என்னென்ன செய்தார்கள் என்று மணிமேகலை ஐந்து வழிகளைச் சொல்கிறது. எரிப்பது, வெளியில் போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்வான இடத்தில் அடைத்து வைப்பது, தாழியால் கவிப்பது என அந்த ஐந்தும் ஒரே பட்டியலில் வருகின்றன.

அறந்தாங்கியில் 'பெருங்கல்' எங்கே?

அம்பலத்திடலுக்குப் போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இதுதான். ஸ்டோன்ஹெஞ்ச் படத்தைப் பார்த்துவிட்டு, "பெருங்கற்காலம்னு சொன்னாங்களே, கல்லையே காணோமே" என்று தேடுவார்கள்.

பதில் காலுக்குக் கீழே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது அன்னவாசல், குளத்தூர், குடுமியான்மலை வட்டாரம், பாறைகளும் குன்றுகளும் நிறைந்தது. பலகை பலகையாகக் கல் கிடைக்கும். அதனால் அங்கே கல்வட்டம், கல்பதுக்கை எல்லாம் சாதாரணம். கிழக்கே வர வர நிலம் சமவெளியாகி, பாக் நீரிணை வரைக்கும் கண்மாயும் வயலுமாக இறங்குகிறது. அறந்தாங்கி இந்தப் பக்கத்தில் இருக்கிறது. பாறை அரிது. களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. கல் கிடைத்த இடத்தில் கல்லறை, மண் கிடைத்த இடத்தில் தாழி. இரண்டையும் செய்தவர்களின் படையல் பானைகளும் இரும்புப் பொருட்களும் ஒன்றுபோலவே இருப்பதால்தான், கல்லே இல்லாத தாழிப் புதைவிடத்தையும் ஆய்வாளர்கள் அதே பண்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். கல்லும் தாழியும் சேர்ந்தே வரும் இடங்களும் உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மாவட்ட எல்லை 1974-ல் வந்தது. அதற்கு முன்பு அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு, புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தபோது அறந்தாங்கி அதற்கு வெளியே, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இருந்தது. சமஸ்தானம் 1910-லேயே ஒரு அருங்காட்சியகம் தொடங்கியது. அதன் காப்பாட்சியராக இருந்த கே.ஆர்.சீனிவாசன், தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைவிடங்களையும் தாழிப் புதைவிடங்களையும் தமிழ் இலக்கியத்தோடு ஒப்பிட்டு 1946-ல் எழுதிய கட்டுரை இன்றுவரை ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கும் ஒன்று. சமஸ்தான எல்லைக்குள் இருந்த மேற்குப் பகுதி இப்படி அப்போதே வெளியே தெரிந்துவிட்டது. எல்லைக்கு வெளியே இருந்த அறந்தாங்கிப் பக்கத்து இடங்களைப் பற்றிப் பேச்சு வருவது சமீப காலத்தில்தான்.

ஊர்க்காரர்கள் இவற்றை என்ன சொல்கிறார்கள்?

தொல்லியல் துறை பெயர் வைப்பதற்கு ரொம்ப நாள் முன்பே ஊர் மக்கள் இவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாண்டவர் குழி, மாண்டவர் குழி, வாலியர் வீடு என்று பகுதிக்குப் பகுதி ஒரு பெயர். புதுக்கோட்டைச் சீமையில் கல்லறைகளைக் 'குரங்குப் பட்டடை' என்பார்கள். தாழிக்கு 'மதமதக்கத் தாழி' என்றும் ஒரு பெயர் உண்டு.

முதுமக்கள் தாழிக்கு ஒரு கதையும் உண்டு. தென்மாவட்டங்களில் பலரும் பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். "அந்தக் காலத்துல மனுசங்களுக்குச் சாவே கிடையாது. வயசாக வயசாகக் குறுகிக் குறுகிக் கைப்பிள்ளை மாதிரி ஆயிடுவாங்க. விளக்கு மாடத்துல தூக்கி வச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் பார்த்துக்க முடியலைன்னா, பெரிய பானையில சோறும் தண்ணியும் விளக்கும் வச்சு, அவங்களையும் உள்ள உக்கார வச்சு மூடிடுவாங்க."

இது நடந்த கதை இல்லை. பல தாழிகளில் இருப்பது முழு உடல்கூட இல்லை. உடல் மட்கிய பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து, தாழிக்குள் வைத்து இரண்டாவது முறையாகப் புதைத்திருக்கிறார்கள். ஆனால், கதையில் ஒரு உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாழிக்குள் சின்னச் சின்னப் பானைகளும் கிண்ணங்களும் இருப்பதையும், சிலவற்றில் தானியம் இருப்பதையும் யாரோ எப்போதோ பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்குக் காரணம் சொல்லப் பிறந்த கதை அது. நிலத்தை உழுதவர்களும் கிணறு வெட்டியவர்களும்தான் இந்த இடங்களை முதலில் பார்த்தவர்கள்.

ஒரு உடைந்த ஓட்டில் என்ன இருக்கிறது?

"உடைஞ்ச பானைதானே, ஆயிரம் கிடக்கு. ஒண்ணு எடுத்தா என்ன?" இந்தக் கேள்விக்குப் பதில் சிவகளையில் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது ஒரு தாழிக்குள் நெல் உமி கிடைத்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் முதல்வர் அதை அறிவித்தார். பிறகு, அதே சிவகளையில் இரும்புப் பொருட்கள் இருந்த தாழியிலிருந்து எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை போனது. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை உலக அளவில் பேசப்பட்டதற்கு முக்கியக் காரணம் அந்தச் சின்னக் கரித்துண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கரிக்கு மட்டும்தான் காலம் கணிக்கிறார்கள். அந்தக் கரியும் இரும்பும் ஒரே தாழிக்குள், யாரும் கலைக்காத நிலையில் ஒன்றாக இருந்ததால்தான் இரும்புக்கும் அதே காலத்தைச் சொல்ல முடிகிறது. அந்தத் தாழியை யாராவது முன்பே கிளறி, இரும்பை எடுத்துப் போயிருந்தால் மிச்சம் ஒரு பிடி கரி. கரியை மட்டும் எடுத்துவிட்டிருந்தால் மிச்சம் ஒரு துருப்பிடித்த இரும்பு. இரண்டுமே தனியாக நின்றால் எதையும் சொல்லாது.

பானை ஓட்டுக்கும் இதே கணக்குதான். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் ஓடு, சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் அந்த நிறத்தில் வருகிறது. காற்றுப் படாத உள்பக்கம் கருப்பாகும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். இதை ஓட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால், அது புதைவிடத்துப் படையல் பானையா, பக்கத்தில் வாழ்ந்தவர்களின் வீட்டுப் பானையா, அடியில் இருந்ததா, மேலே இருந்ததா என்பதை அது கிடந்த இடம்தான் சொல்லும். ஓட்டில் கீறல் குறியீடு இருந்தால் இன்னும் முக்கியம். எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத குறியீட்டை எந்தப் பட்டியலிலும் நம்பிச் சேர்க்க முடியாது.

மண்ணுக்கும் கணக்கு உண்டு. மண் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்பதை வைத்துக் காலம் கணிக்கும் முறை இருக்கிறது. அதற்கு மண் மாதிரியை இருட்டிலேயே எடுக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒரு மண்வெட்டி போட்டால், அந்தக் கடிகாரம் அங்கேயே சைபருக்கு வந்துவிடும். எலும்பிலிருந்து மரபணு எடுப்பவர்களுக்கும் இதே கவலை. வெறுங்கையால் தொட்டால் நம்முடைய மரபணுவும் அதில் ஒட்டிக்கொள்ளும். கீழடிக்காரர்களின் இடுகாடு என்று கருதப்படும் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த மனிதர்களின் முகத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அந்த முகங்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்தத் தாழிகளை அதற்கு முன் யாரும் திறந்து பார்க்காததுதான்.

இதற்கு நேர்மாறான கதை ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலச் சாமான்களும் இரும்பு ஆயுதங்களும் அவருக்குக் கிடைத்தன. அவர் விரிவாகப் பட்டியல் போட்டு வைத்தார், ஆனால் இன்றைக்கு இருப்பதுபோல் காலம் கணிக்கும் வசதி அப்போது இல்லை. 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அந்த மண்ணில் தொடாமல் ஒரு பகுதி மிச்சம் இருந்தது நம் அதிர்ஷ்டம். அறந்தாங்கிப் பக்கம் இருப்பது அப்படி மிச்சம் இருக்கும் மண்.

ஒரே நாளில் எப்படிப் பார்க்கலாம்?

அறந்தாங்கியிலிருந்து கிளம்பினால், காலையில் தாழி, மதியம் அருங்காட்சியகம், மாலையில் கல் என்று ஒரு நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

காலை: அம்பலத்திடல். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. சாய்வான வெளிச்சத்தில்தான் தரையில் கிடக்கும் ஓடுகளும் வட்டமான தாழி வாய்களும் கண்ணில் படும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே செம்மண்ணாகத் தெரியும். டிக்கெட் எடுத்துப் பார்க்கும் சுற்றுலாத் தலம் இல்லை என்பதால், முதலில் ஊரில் கேட்க வேண்டும். "அண்ணே, இங்க தாழி ஓடு கிடக்குன்னு சொன்னாங்க. பார்த்துட்டுப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை போதும். சில இடங்கள் பட்டா நிலமாக இருக்கும், அங்கே சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களிடம் நின்று பேசினால், எந்தக் கண்மாய் வெட்டும்போது என்ன வந்தது என்ற கதைகளும் சேர்ந்து கிடைக்கும். அந்தக் கதைகள் எந்த மேப்பிலும் இருக்காது.

அங்கே எதைத் தேடுவது? தடிமனான, விரல் பருமன் ஓடு என்றால் பெரும்பாலும் தாழியின் உடல் பகுதி. மெல்லிய, வழவழப்பான கருப்பு - சிவப்பு ஓடு என்றால் படையல் கிண்ணமோ மூடியோ. தரையில் வட்டமாக ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தால் அது மண்ணுக்குள் நிற்கும் தாழியின் வாயாக இருக்கலாம். அதன் மேல் மிதிக்கக் கூடாது. ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது, மேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்தால், வாழ்ந்த இடமும் புதைத்த இடமும் ஏன் தனித்தனியாக இருந்தன என்பது மெல்லப் பிடிபடும். கீழடியும் கொந்தகையும் இப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மதியம்: புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம். அறந்தாங்கியிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. காலையில் உடைசலாகப் பார்த்ததை இங்கே முழுசாகப் பார்க்கலாம். வயலில் கண்ட ஒரு துண்டு, முழுத் தாழியின் எந்த இடத்தில் பொருந்தும் என்று மனசுக்குள் ஒட்டிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

நேரம் இருந்தால் புதுக்கோட்டைக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் பொற்பனைக்கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். அது புதைவிடம் இல்லை, சங்ககாலக் கோட்டை. 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. தாழிகளில் புதைக்கப்பட்டவர்களின் காலத்தை ஒட்டி, இந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்களின் ஊர் எப்படி இருந்தது என்று கற்பனை செய்ய அது உதவும்.

மாலை: சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கி.மீ. பெரும்பாலானவர்கள் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, படகு சவாரி போய்விட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால், குன்றைச் சுற்றியுள்ள வெளியில் கல்வட்டங்களும் கல்பதுக்கைகளும் இருக்கின்றன. மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உண்டு. கீழே எழுத்தில்லாத காலத்தின் கல்லறை, மேலே எழுத்து, இன்னொரு பக்கம் 9-ம் நூற்றாண்டு ஓவியம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான காலம் ஒரு நடைதூரத்துக்குள் இருக்கிறது. காலையில் அம்பலத்திடலில் காணாத 'பெருங்கல்லை' இங்கேதான் பார்ப்பீர்கள்.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

ஓட்டை எடுக்காதீர்கள். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதுகூட வேண்டாம். குனிந்து பார்த்தாலே போதும்.

போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பேனாவோ ஐந்து ரூபாய் நாணயமோ வையுங்கள். அளவு தெரியும். அருகிலிருந்து ஒன்று, சுற்றுப்புறம் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று என இரண்டு படம் எடுங்கள். ஆய்வாளர் யாரிடமாவது காட்டினால் இரண்டாவது படம்தான் அவருக்கு அதிகம் உதவும்.

ரீல்ஸ் போடலாம். ஆனால் துல்லியமான லொக்கேஷனைப் போடாதீர்கள். "தாழி" என்ற சொல்லைக் கேட்டதும் "புதையல்" என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலான தாழிகளில் தங்கம் கிடையாது. இருப்பது எலும்பும் பானையும் துருவேறிய இரும்பும்தான். ஆனால், இது தெரியாமல் ஒருவர் ராத்திரியில் கடப்பாரையோடு வந்தால் நஷ்டம் நஷ்டம்தான்.

எலும்பு தெரிந்தால் தொட வேண்டாம், போட்டோவுக்காகச் சுரண்ட வேண்டாம். அது யாரோ ஒருவரின் அம்மாவோ அப்பாவோ அடங்கிய இடம். இன்றைய இடுகாட்டில் எப்படி நடந்துகொள்வோமோ, அப்படி நடந்துகொண்டால் போதும்.

கல்வட்டத்தின் கற்களை நகர்த்தி உட்காருவது, மூடுகல்லின் மேல் ஏறி நிற்பது, பெயர் எழுதுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில்கூட, கூட்டம் தாங்காமல் 1970-களின் கடைசியில் கற்களைச் சுற்றிக் கயிறு கட்டி, பார்வையாளர்களைத் தள்ளி நிறுத்த வேண்டி வந்தது. நம் ஊரில் கயிறு கட்ட ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958-ம் ஆண்டின் மத்திய சட்டமும், மாநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 1966-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமும் இருக்கின்றன. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2010 திருத்தத்தின்படி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

ஆனால், எந்தப் பட்டியலிலும் இல்லாத வயலையும் திடலையும் இந்த வேலி காக்காது. அங்கே பொருந்துவது இரண்டு பழைய ஏற்பாடுகள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள் ஆகும். உரிமம் இல்லாமல் அதை விற்கவோ வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ முடியாது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் குறித்த மதிப்பு என்ன தெரியுமா? பத்து ரூபாய்!

நடைமுறையில், புதிதாக ஒரு தாழி வெளியே தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லலாம். புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் தகவல் கொடுக்கலாம். சொன்னால் நிலம் பறிபோய்விடும் என்று விவசாயிகள் பயப்படுவது இயல்பு. அதனால், நிலத்துக்காரரிடம் பேசாமல் தாழியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் பரப்புவது அவருக்கும் நல்லதல்ல, தாழிக்கும் நல்லதல்ல.

இன்னும் எத்தனை நாள்?

பானை ஓட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பயணிதான் பெரிய எதிரி என்று சொல்லிவிட முடியாது. கிராவல் அள்ளும் ஜேசிபி ஒரே மத்தியானத்தில் செய்யும் வேலையை நூறு பயணிகள் சேர்ந்தாலும் செய்ய முடியாது. சாலை அகலப்படுத்துவது, மேட்டைச் சமன்செய்து வயலாக்குவது, மனை பிரிப்பது எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். தாழி புதைந்த திடல்கள் மேட்டு நிலங்கள் என்பதால் இவற்றுக்கெல்லாம் வசதியான இடமும் அவைதான்.

இங்கேதான் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. யாருமே எட்டிப் பார்க்காத திடலை ஒரு வண்டி வந்து அள்ளிப்போனால், இல்லாமல் போனது என்ன என்றுகூட யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு நாலு பேர் வந்து பார்த்து, ஊரில் பேசி, தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால், "போன பொங்கலுக்கு இங்க தாழி வாய் தெரிஞ்சுதே, இப்ப எங்கே?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பார். கர்நாடகத்தின் ஹிரே பெணகல் கல்திட்டைகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2021-ல் இடம்பிடித்தன. தென் கொரியா தன் கல்திட்டைகளுக்கு 2000-லேயே உலகப் பாரம்பரிய அந்தஸ்து வாங்கிவிட்டது. அம்பலத்திடலுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டாம். முறையான அகழாய்வுக் குழு ஒன்று வந்து இறங்கும் நாள்வரை அந்த மண் கலையாமல் இருந்தால் போதும்.

அடுத்த லீவில் போய் வாருங்கள். படம் எடுங்கள், ஊர்க்காரர்களோடு டீ குடியுங்கள், கதை கேளுங்கள். கிளம்பும்போது பாக்கெட்டை ஒருமுறை தடவிப் பாருங்கள். கூட வந்த குட்டிப் பையன் பாக்கெட்டையும்தான். அதில் ஒரு ஓடு இருந்தால், எந்த இடத்தில் எடுத்தான் என்று கேட்டு, அவனையே அங்கே வைக்கச் சொல்லுங்கள்.